காற்றுக்காகக் காத்திருந்த நாட்கள்: மலாக்காவில் புனித சவேரியார்

மலேசிய நாட்டின் மலாக்கா நகரில், கடலை நோக்கி நிற்கும் ஒரு சிறு குன்றின்மேல், கூரையில்லாத பழைய ஆலயம் ஒன்று இருக்கிறது. இன்று அதன் சுவர்கள் மட்டுமே மிஞ்சியுள்ளன. உள்ளே, பீடம் இருந்த பகுதியில், கம்பி வலையால் மூடப்பட்ட ஒரு வெறுங்குழி. சுற்றுலாப் பயணிகள் அதை எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு கத்தோலிக்கருக்கு அந்தக் குழி எளிதில் கடந்துபோகக்கூடிய இடமல்ல. 1553-ஆம் ஆண்டு புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் சில மாதங்கள் அந்த ஆலயத்து மண்ணில்தான் துயில் கொண்டிருந்தது.

சவேரியார் என்றதும் நம் நினைவுக்கு வருபவை கோவா, முத்துக்குளித்துறை, மணப்பாடு குகை, கோட்டாறு, ஜப்பான், சான்சியான் தீவு ஆகியவை. மலாக்காவை நாம் அதிகம் நினைப்பதில்லை. அதற்குக் காரணமும் உண்டு. அவர் மலாக்காவில் குடியிருக்க ஒருபோதும் போகவில்லை. வேறு எங்கோ போகும் வழியில் அங்கே இறங்கினார். அடுத்த கப்பல் கிடைத்ததும் புறப்பட்டார். அவருடைய வாழ்வில் அது வழியில் இருந்த ஓர் ஊர். அந்த ஊரில் அவர் கழித்த நாட்களையே இன்று சிந்திப்போம். நம் வாழ்விலும் இப்படிப்பட்ட ஊர்கள் பல உண்டல்லவா?

வழியில் இருந்த ஊர்

1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் நவார் நாட்டின் சவேரியார் கோட்டையில் பிறந்தவர் பிரான்சிஸ். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது புனித இஞ்ஞாசியாரைச் சந்தித்தார். 1534-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று மோன்மார்த் குன்றில் அவரோடும் மற்ற தோழர்களோடும் சேர்ந்து வார்த்தைப்பாடு கொடுத்தார். 1541-இல் லிஸ்பனில் கப்பல் ஏறி, 1542-ஆம் ஆண்டு மே 6 அன்று கோவா வந்து சேர்ந்தார். அதன்பின் முத்துக்குளித்துறையின் பரதவ மக்களிடையே அவர் ஆற்றிய பணி நாம் நன்கு அறிந்ததே.

1545-ஆம் ஆண்டு அவர் மயிலாப்பூரில் திருத்தூதர் தோமாவின் கல்லறை அருகே ஏறத்தாழ நான்கு மாதங்கள் தங்கி இறைவேண்டலில் ஈடுபட்டார். கிழக்கே மக்காசார் தீவில் சில குறுநில மன்னர்கள் திருமுழுக்குப் பெற்று, குருக்களைக் கேட்கிறார்கள் என்ற செய்தி அவருக்கு எட்டியிருந்தது. போவதா, வேண்டாமா? அந்தக் கல்லறையருகே தெளிவு பெற்றார். ஆகஸ்ட் மாத இறுதியில் கப்பலேறி, செப்டம்பர் மாத இறுதியில் மலாக்காவில் இறங்கினார்.

மலாக்கா அப்போது கிழக்குலகின் பெரிய சந்தைத் துறைமுகம். 1511-இல் அல்புகர்க் தலைமையில் போர்ச்சுக்கீசியர் அதைக் கைப்பற்றிக் கோட்டை கட்டியிருந்தார்கள். குஜராத்தியர், தமிழ் வணிகர், சீனர், ஜாவானியர், மலாய் மக்கள் என்று பல மொழியினர் அங்கே கலந்து வாழ்ந்தனர். பாய்மரக் கப்பல்களின் காலம் அது. தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தியாவிலிருந்து வரும் கப்பல், நினைத்த நேரத்தில் மேற்கொண்டு போக முடியாது. சீனா, ஜப்பான் போகவேண்டுமானால் ஜூன், ஜூலை மாதக் காற்று வேண்டும். இந்தியா திரும்புவதற்கும், மசாலாத் தீவுகளுக்குப் போவதற்கும் ஆண்டு இறுதிவரை காத்திருக்கவேண்டும். ஆகவே மலாக்காவில் இறங்கிய எவரும் காற்றுக்காகக் காத்திருந்தே ஆகவேண்டும். சிலர் வணிகம் செய்தார்கள். பலர் குடியிலும் சூதிலும் பொழுதைப் போக்கினார்கள். எப்படியும் சில மாதங்களில் போய்விடப் போகிறோம், இங்கே யார் நம்மைக் கேட்கப்போகிறார்கள் என்ற மனநிலை வணிகர்களிடமும் படைவீரர்களிடமும் பரவியிருந்தது.

மூன்று மாதக் காத்திருப்பு

சவேரியாரும் காத்திருக்கவேண்டியிருந்தது. மலாக்காவிலிருந்து ஏற்கெனவே ஒரு குருவானவர் மக்காசாருக்கு அனுப்பப்பட்டிருந்தார். அவரிடமிருந்து செய்தி வந்த பிறகு போகலாம் என்று கோட்டைத் தளபதி சொன்னார். செய்தி வரவேயில்லை. ஆனால் அந்த மூன்று மாதங்களில் அவர் செய்த வேலையை அவருடைய கடிதங்களிலிருந்து அறிகிறோம்.

நகரின் மருத்துவமனையையே அவர் தம் தங்குமிடமாக்கிக்கொண்டார். அங்கிருந்த நோயாளிகளுக்கு ஒப்புரவு அருட்சாதனம் வழங்கினார். திருப்பலி நிறைவேற்றி நற்கருணை அளித்தார். ஞாயிறுதோறும் ஆலயத்தில் மறையுரை ஆற்றினார். நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்கு மேல் சிறுவர் சிறுமியருக்கு மறைக்கல்வி கற்பித்தார். பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தவர்களின் கூட்டம் மிகுந்து, எல்லாரையும் நிறைவு செய்ய இயலவில்லை என்று வருந்துகிறார். இரவில் கைமணி ஒலித்தபடி தெருக்களில் நடந்து, உத்தரிக்கிற ஆன்மாக்களுக்காகச் செபிக்கும்படி மக்களை அழைத்தார் என்றும் சொல்லப்படுகிறது.

இவற்றுக்கு நடுவே இன்னொரு கடினமான வேலையும் நடந்தது. முத்துக்குளித்துறையில் அவர் தமிழ் அறிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டது நமக்குத் தெரியும். மலாக்காவிலும் அவ்வாறே அடிப்படைச் செபங்களையும் விசுவாச உண்மைகளையும் மலாய் மொழியில் பெயர்க்க முயன்றார். மொழி தெரியாமல் பணி செய்வது எவ்வளவு துன்பம் என்று அப்போது மனம் திறந்து எழுதியிருக்கிறார். நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த, பாரிஸில் பட்டம் பெற்ற அந்த மனிதர், மீண்டும் ஒரு சிறு பிள்ளையைப்போல அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார்.

மக்காசாருக்கு அவர் போகவே இல்லை. 1546-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அம்போன் தீவை நோக்கிக் கப்பல் ஏறினார். ஆனால் மலாக்காவில் பாடுபட்டுப் பெயர்த்த அந்தச் செபங்கள் வீணாகவில்லை. தீவுகள்தோறும் வணிகர்களிடையே வழங்கிய மொழி மலாய்தான். அம்போனிலும் தெர்னாத்தேயிலும் அவர் கையில் இருந்த கருவி அதுவே.

ஒரு திருமண நாளில் வந்த விருந்தாளி

1547-ஆம் ஆண்டு ஜூலையில் மலாக்கா திரும்பினார். இந்தியா செல்லும் கப்பலுக்கு ஆண்டின் இறுதிவரை காத்திருக்கவேண்டும். இம்முறையும் அதே மருத்துவமனை, அதே சிறுவர்கள், அதே ஒப்புரவு வரிசை. அக்டோபர் மாதத்தில் ஆச்சே நாட்டின் கப்பற்படை நகரைத் தாக்கியது. அச்சத்தில் உறைந்த மக்களைத் தேற்றித் துணிவூட்டியவர் சவேரியார் என்று அக்கால வரலாறுகள் கூறுகின்றன.

டிசம்பர் மாதம் ஒரு நாள், குன்றின்மேல் இருந்த அன்னை மரியாவின் ஆலயத்தில் அவர் ஒரு திருமணத்தை நடத்திக்கொண்டிருந்தார். அப்போது ஜோர்ஜ் ஆல்வாரஸ் என்ற கப்பல் தலைவர் ஒரு ஜப்பானியரை அழைத்து வந்தார். அவர் பெயர் அஞ்சிரோ. ககோஷிமா ஊரைச் சேர்ந்தவர். ஒரு கொலைக் குற்றத்துக்கு ஆளாகி, மனச்சான்றின் வேதனையோடு நாட்டைவிட்டு ஓடிவந்தவர். மன்னிப்பைப் பற்றிப் பேசும் ஒரு குரு மலாக்காவில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அவர் முன்பே ஒருமுறை வந்திருந்தார். அப்போது சவேரியார் தீவுகளில் இருந்தார். அங்கிருந்த குரு திருமுழுக்கு அளிக்க மறுத்துவிட்டார். ஏமாற்றத்தோடு ஊர் திரும்பியவரைப் புயல் வழிமறித்தது. மீண்டும் மலாக்கா வந்தார். இம்முறை சவேரியார் இருந்தார்.

இருவரும் உரையாடினார்கள். உங்கள் நாட்டுக்கு நான் வந்தால் மக்கள் கிறிஸ்தவர்களாவார்களா என்று சவேரியார் கேட்டார். உடனே ஆகமாட்டார்கள், முதலில் நிறையக் கேள்வி கேட்பார்கள், பிறகு நீங்கள் சொல்வதும் வாழ்வதும் ஒத்திருக்கின்றனவா என்று கவனிப்பார்கள், ஒத்திருந்தால் ஏற்பார்கள் என்ற பொருளில் அஞ்சிரோ பதில் சொன்னார். இந்தப் பதில் சவேரியாரின் நெஞ்சில் ஆழப் பதிந்தது. ஜப்பான் திருஅவையின் விதை விழுந்தது அந்தக் காத்திருப்பு நாட்களில்தான். அஞ்சிரோ 1548-ஆம் ஆண்டு தூய ஆவியார் பெருவிழாவன்று கோவாவில் பவுல் என்ற பெயரோடு திருமுழுக்குப் பெற்றார். அதே ஆண்டில் சவேரியார் அனுப்பிய இயேசு சபையினர் இருவர் மலாக்கா வந்து, சிறுவர்களுக்கு ஒரு பள்ளியும் தொடங்கினார்கள்.

தந்தை ஒருவர், மைந்தர் இருவர்

1549-ஆம் ஆண்டு மே 31 அன்று சவேரியார், அஞ்சிரோவுடனும் தோழர்களுடனும் மூன்றாம் முறையாக மலாக்காவில் இறங்கினார். அப்போது கோட்டைத் தளபதியாக இருந்தவர் பேத்ரோ தா சில்வா. இந்தியாவுக்குக் கடல்வழி கண்ட வாஸ்கோட காமாவின் மகன். அவர் சவேரியாரை அன்போடு வரவேற்றார். ஜப்பான் செல்லக் கப்பல் ஏற்பாடு செய்தார். அங்கே செலவுக்காகவும் ஒரு சிற்றாலயம் எழுப்பவும், பகார் என்னும் அக்கால அளவையில் 30 பகார் மிளகைக் கொடையாக அளித்தார். அது ஒரு பெருந்தொகைக்குச் சமம். ஜூன் 24 அன்று ஒரு சீனக் கப்பலில் புறப்பட்ட சவேரியார், ஆகஸ்ட் 15, மரியாவின் விண்ணேற்பு விழா நாளில், ககோஷிமாவில் கால்பதித்தார்.

ஜப்பானிலிருந்து திரும்பும் வழியில், 1551 டிசம்பர் இறுதியில், சில நாட்கள் மட்டும் மலாக்காவில் தங்கினார். அப்போது அவர் உள்ளம் முழுவதும் சீனாவைப் பற்றிய சிந்தனை. அவருடைய நண்பரும் வணிகருமான தியோகோ பெரேரா சீனப் பேரரசருக்குத் தூதராகச் செல்வது; அவரோடு சவேரியாரும் நுழைவது என்று திட்டம். கோவாவில் அரசு அனுமதியும் கிடைத்தது. பெரேரா தம் செல்வத்தைத் தாராளமாகச் செலவழித்துப் பரிசுப் பொருட்களைத் திரட்டினார்.

1552-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் சவேரியார் ஐந்தாம் முறையாக மலாக்கா வந்தார். நகரில் கொள்ளைநோய் பரவியிருந்தது. வந்த கையோடு நோயாளிகளிடம் சென்றார். ஆனால் இம்முறை அங்கே அதிகாரம் செலுத்தியவர் ஆல்வாரோ தெ அத்தாயிதே. இவரும் வாஸ்கோட காமாவின் மகன், பேத்ரோவின் உடன்பிறந்தவர். ஒரு சாதாரண வணிகர் அரசத் தூதராவதை இவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நகரின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, பெரேராவின் சாந்தா குரூஸ் கப்பலின் சுக்கானைக் கழற்றி எடுத்துக்கொண்டார்.

சவேரியார் கெஞ்சினார், நண்பர்களைத் தூது அனுப்பினார், பயனில்லை. பத்து ஆண்டுகளாகத் தாம் திருத்தந்தையின் தூதர் என்பதை எங்கும் பறைசாற்றாதவர், அப்போது அந்த அதிகாரத்தைக் காட்டும் ஆவணத்தை வெளியே எடுத்தார். திருத்தூதரைத் தடுப்பவருக்குச் சபைநீக்கம் என்று அறிவிக்கச் செய்தார். அதுவும் எடுபடவில்லை. அவரை ஏளனம் செய்தார்கள். எத்தனையோ இரவுகள் மணியடித்துச் செபிக்க அழைத்த அதே தெருக்களில், அவமானத்தோடு நடக்கவேண்டியிருந்தது.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்போம். புனிதர்களின் வாழ்வில் எல்லாம் வெற்றியே என்று நினைக்கிறோம். இங்கே அப்படி இல்லை. அவர் வருந்தினார்; கோபமும் கொண்டார். ஆனால் பெரேராவுக்கு எழுதிய கடிதத்தில், இந்த இழப்புக்கெல்லாம் தம் பாவங்களே காரணம் என்று தம்மீதே பழியைச் சுமந்துகொண்டார். நண்பருக்கு நேர்ந்த இழப்பு அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. இறுதியில் சாந்தா குரூஸ் கப்பல் தளபதியின் ஆட்களோடு புறப்பட்டது. பெரேரா கரையிலேயே நின்றார். தூதுக்குழு இல்லை, பரிசுகள் இல்லை. சவேரியார் ஜூலை மாதத்தில் தனியராய்க் கப்பல் ஏறினார். புறப்படும்போது தம் காலணிகளின் தூசியை உதறினார் என்பது அவ்வூரில் வழங்கும் மரபுச் செய்தி.

திரும்பி வந்தவர்

சீனக் கரைக்கு எதிரே சான்சியான் தீவில் அவர் மீண்டும் காத்திருந்தார். உள்ளே அழைத்துச் செல்வதாகச் சொன்ன வணிகன் வரவில்லை. காய்ச்சலில் படுத்து, 1552-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் விடியலில், தம் 46-ஆவது வயதில் உயிர்நீத்தார். அருகில் இருந்தவர் அந்தோனியோ என்ற சீன இளைஞர். உடலைச் சுண்ணாம்பு இட்டுப் புதைத்தார்கள். 1553 பிப்ரவரியில் கப்பல் புறப்படும் வேளை தோண்டியபோது உடல் அழியாதிருந்தது. அதே சாந்தா குரூஸ் கப்பல் அவரைச் சுமந்துகொண்டு, மார்ச் 22-ஆம் நாள் மலாக்கா வந்தது.

கரையில் காத்திருந்தவர் யார் தெரியுமா? தியோகோ பெரேரா. சவேரியாரின் பொருட்டுப் பெரும் இழப்புக்கு உள்ளான அதே பெரேரா, எரியும் மெழுகுதிரிகளோடு ஊர்வலம் அமைத்துத் தம் நண்பரை வரவேற்றார். நகரம் திரண்டது. அவமானத்தோடு அவர் நடந்த தெருக்களின் வழியே உடலைக் குன்றுக்குத் தூக்கிச் சென்றார்கள். சவப்பெட்டி இல்லாமல், ஆலயத்தின் உள்ளே மண்ணில் அடக்கம் செய்தார்கள். அன்றிலிருந்து கொள்ளைநோய் தணிந்தது என்று அம்மக்கள் நம்பினார்கள். ஆகஸ்ட் மாதம் இயேசு சபை குருவானவர் ஒருவர் குழியைத் திறந்து பார்த்தபோது உடல் கெடாமல் இருந்தது. டிசம்பரில் மலாக்காவிலிருந்து புறப்பட்ட உடல், 1554 மார்ச்சில் கோவா சேர்ந்தது. 1622-ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று, தம் ஆசான் இஞ்ஞாசியாரோடு சேர்ந்து அவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.

ஒன்றைக் கவனியுங்கள். உயிரோடு இருந்தபோது அவர் ஒரு தடவையில் ஆறு மாதங்கள்கூட முழுமையாக மலாக்காவில் தங்கியதில்லை. இறந்த பிறகே ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் தங்கினார். அவரை விரட்டிய ஊர், அவரை மண்ணில் வைத்துக் காத்தது. 1558-இல் மலாக்கா தனி மறைமாவட்டமாயிற்று. 1641-இல் டச்சுக்காரர்கள் நகரைப் பிடித்தபோது குன்றின் ஆலயம் அவர்கள் கைக்குப் போனது; பின்னாளில் கல்லறைத் தோட்டமாகிப் பாழடைந்தது. ஆனாலும் விசுவாசம் பாழடையவில்லை. 1849-இல் குன்றுக்குச் சற்று தொலைவில் புனித சவேரியாரின் பெயரிலேயே இரட்டைக் கோபுரங்களோடு புதிய ஆலயப் பணி தொடங்கியது. இன்றும் அங்கே திருப்பலி நடக்கிறது. பாழடைந்த ஆலயத்தின் முன் நிற்கும் சவேரியாரின் சிலைக்கு வலக்கை இல்லை. மரம் ஒன்று விழுந்து முறிந்துவிட்டது. எண்ணற்றோருக்குத் திருமுழுக்கு அளித்த அவருடைய உண்மையான வலக்கை 1614-இல் உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே இயேசு ஆலயத்தில் இருக்கிறது.

நமக்கு

அன்பிற்குரியவர்களே, நாமும் எங்கெங்கோ காத்திருக்கிறோம். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வெளிநாட்டு வேலை. இடமாற்றத்தில் வந்த ஊர். படிப்புக்காகத் தங்கிய விடுதி. நோயாளிக்குத் துணையாக மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கழியும் வாரங்கள். இது நம் ஊர் இல்லை, இது நம் பங்கு இல்லை, எப்படியும் போய்விடப்போகிறோம் என்று சொல்லி, அந்த நாட்களை நம் வாழ்வின் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பக்கத்து வீட்டாரின் பெயர்கூடத் தெரிந்துகொள்வதில்லை. உண்மையான பணி பிறகு தொடங்கும் என்று ஒத்திப்போடுகிறோம்.

சவேரியார் அப்படி ஒத்திப்போட்டிருந்தால், மலாய் மொழிச் செபங்கள் இல்லை. அந்த டிசம்பர் நாளில் அஞ்சிரோ அவரைத் தேடி வந்திருக்கவும் மாட்டார். அவர் திட்டமிட்ட மக்காசார் நடக்கவில்லை. திட்டமிட்ட சீனா நடக்கவில்லை. திட்டமிடாத மலாக்காவில்தான் ஜப்பானின் கதவு திறந்தது.

இன்னொரு கேள்வியும் நம்முன் நிற்கிறது. நம் ஊருக்குச் சில காலம் தங்க வருபவர்களை நாம் எப்படி நடத்துகிறோம்? வேலை தேடி வந்த தொழிலாளர், வாடகை வீட்டுக்கு வந்த புதுக் குடும்பம், நம் பங்குக்கு மாற்றலாகி வந்த குருவானவர் அல்லது அருட்சகோதரி. ஒரே தந்தையின் இரு மைந்தர்களில் ஒருவர் மிளகு கொடுத்து வழியனுப்பினார். மற்றவர் சுக்கானைக் கழற்றினார். நாம் எந்த மைந்தர்?

வரும் டிசம்பர் 3 அன்று புனிதரின் திருவிழாவைக் கொண்டாடும்போது, மலாக்காக் குன்றின்மேல் இருக்கும் அந்த வெறுங்குழியையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.

இறைவா, நாங்கள் வந்து போகும் ஒவ்வோர் ஊரிலும், தங்கும் நாட்கள் குறைவானாலும், உம் அன்பின் சாட்சிகளாய் வாழ வரம் தாரும். எங்கள் திட்டங்கள் தடைப்படும்போது, எங்களைத் தடுத்தவர்களையும் உம் கையில் ஒப்படைத்து, மேலே நடக்கத் துணிவு தாரும். புனித பிரான்சிஸ் சவேரியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.